எல், எம், எஸ்: கேமராவில் எந்த அளவை வைப்பது?

புது கேமராவின் மெனு பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே படத்தின் அளவையும் தரத்தையும் முடிவு செய்யும் வரி இருக்கும். கேனானில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தும் அதன் பக்கத்தில் கால்வட்டம் போன்ற ஒரு சின்னமும் தெரியும். நிக்கானில் ‘இமேஜ் குவாலிட்டி’, ‘இமேஜ் சைஸ்’ என்று இரண்டு தனி வரிகள்; தரத்துக்கு ஃபைன், நார்மல், பேசிக் என்று மூன்று படிகள். சோனியில் எல் (பெரியது), எம் (நடுத்தரம்), எஸ் (சிறியது) என்று அளவும், எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், ஸ்டாண்டர்ட் என்று தரமும் இருக்கும். கேமரா வாங்கிய பலர் இந்த வரிக்குள் ஒருமுறைகூடப் போய்ப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களிலும் சிலர், கார்டு சீக்கிரம் நிறைந்துவிடக் கூடாதே என்று ‘எஸ்’ஸுக்கு மாற்றிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஃபோகஸ் தவறினால் அடுத்த படத்தில் சரிசெய்துகொள்ளலாம். இந்த வரி தவறாக இருந்தால் அன்றைக்கு எடுத்த அத்தனை படங்களிலும் அதே குறை ஏறிவிடும். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே பளிச்சென்று இருப்பதால், பிரிண்ட் போடும்வரை அது தெரியவும் தெரியாது.

அளவும் தரமும் வெவ்வேறு. இரண்டுமே ஃபைலைச் சிறிதாக்கும் என்பதால்தான் குழப்பம் வருகிறது. படத்தில் எத்தனை புள்ளிகள், அதாவது பிக்சல்கள், இருக்க வேண்டும் என்பது அளவு. அந்தப் புள்ளிகளைக் கார்டில் எழுதும்போது எவ்வளவு நுணுக்கத்தை விட்டுக்கொடுக்கலாம் என்பது தரம். ‘எஸ்’ அளவும் ஃபைன் தரமும் சேர்ந்தால், குறைந்த புள்ளிகளைக் கவனமாக எழுதிய படம் கிடைக்கும். ‘எல்’ அளவும் பேசிக் தரமும் சேர்ந்தால், நிறையப் புள்ளிகளை அவசரமாக எழுதிய படம்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவை எப்போதும் ‘எல்’லிலேயே வையுங்கள். கார்டில் இடம் போதாவிட்டால் தரத்தில் ஒரே ஒரு படி இறங்குங்கள். படத்தைச் சிறிதாக்க வேண்டிய தேவை எதுவானாலும் அதை எடுத்த பிறகு, நகலில் செய்யுங்கள். ஷட்டரை அழுத்தும் நேரத்தில் அந்தப் படம் பின்னாளில் எதற்கெல்லாம் தேவைப்படும் என்பது யாருக்கும் தெரியாது. அதுதான் இதற்கெல்லாம் காரணம்.

இன்று பரவலாகப் புழங்கும் 24 மெகாபிக்சல் கேமராவையே எடுத்துக்கொள்வோம். ‘எல்’ அளவில் படத்தின் அகலம் 6000 புள்ளி, உயரம் 4000 புள்ளி. பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம். நிக்கானின் 24 மெகாபிக்சல் கேமராக்களில் ‘எம்’ அளவு 4496×3000, ‘எஸ்’ அளவு 2992×2000. கேனானில் ‘எஸ்’ இரண்டாகப் பிரியும். அவற்றில் சிறியது 2400×1600. ‘எஸ்’ என்றால் ‘எல்’லில் பாதிதானே என்று தோன்றும். அகலமும் பாதி, உயரமும் பாதி என்பதால் மொத்தப் புள்ளிகள் கால்பங்காகிவிடுகின்றன. காசு கொடுத்து வாங்கிய 24 மெகாபிக்சலில் 18 மெகாபிக்சலை ஒவ்வொரு படத்திலும் வேண்டாம் என்று ஒதுக்குகிறோம்.

அதனால் என்ன, 6 மெகாபிக்சல் போதாதா? பல வேலைகளுக்குப் போதும் என்பதே நேர்மையான பதில். பிரிண்ட் போடும் லேப்களில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்குப்படி 4×6 பிரிண்டுக்கு 1800×1200 புள்ளிகள் இருந்தால் போதும். அது 2 மெகாபிக்சலைக் கொஞ்சம்தான் தாண்டும். சாதாரண ஃபுல் எச்டி டிவித் திரை 1920×1080, அதுவும் 2 மெகாபிக்சல்தான். 4கே டிவி ஏறத்தாழ 8 மெகாபிக்சல். ‘எல்’ படத்தை 300 கணக்கில் போட்டால் 20 அங்குல அகலத்துக்கு வரும், கேனானின் சின்ன ‘எஸ்’ 8 அங்குலத்துக்கு வரும்.

இந்த 300 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். நல்ல பார்வை உள்ள கண்ணால், ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுக்குத் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். போட்டோவைக் கையில் பிடித்துப் பார்க்கும் 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு இதைக் கணக்கிட்டால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 புள்ளி என்று வருகிறது. அதைத்தான் 300 என்று முழுமையாக்கிக்கொண்டார்கள். ஆகவே 300 என்பது கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கான எண். தூரம் கூடக்கூட அது இறங்கும். 2 மீட்டர் தள்ளிச் சுவரில் மாட்டிய படத்துக்கு 44 போதும். 10 மீட்டர் தூரத்தில் சாலையோரம் நிற்கும் ஃப்ளெக்ஸுக்கு 9 புள்ளியே போதும். 10 அடி அகல ஃப்ளெக்ஸில் 24 மெகாபிக்சல் படத்தைப் போட்டால் அங்குலத்துக்கு 50 புள்ளி கிடைக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. பெரிய பேனருக்குப் பெரிய மெகாபிக்சல் வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் கேமராவைச் சோதிப்பது மடியில் வைத்துப் பார்க்கும் ஆல்பம்தான்.

நம் ஊர்க் கல்யாணங்களில் இப்போது 12×36 ஆல்பம் வழக்கமாகிவிட்டது. விரித்தால் 36 அங்குல அகலம். தாலி கட்டும் படத்தையோ, மாலை மாற்றும் படத்தையோ அந்த அகலம் முழுக்க ஒரே படமாகப் போட வீட்டார் ஆசைப்படுவார்கள். ‘எல்’ படத்தின் 6000 புள்ளிகள் 36 அங்குலத்தில் பரவினால் அங்குலத்துக்கு 167 வருகிறது. மடியிலோ மேஜையிலோ வைத்து அரை மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 175. ஆக, ‘எல்’ அளவு அங்கே ஏறக்குறையத் தேறிவிடுகிறது. 2400 புள்ளி அகலமுள்ள ‘எஸ்’ படமோ அதே இடத்தில் 67 புள்ளிதான் தரும். புடவையின் ஜரிகை மஞ்சள் பட்டையாகக் குழைந்துபோகும். மல்லிகைச் சரத்தில் ஒரு பூவும் தனியாகத் தெரியாது. லேப்காரர் எவ்வளவு நல்ல தாளில் போட்டாலும் அது திரும்ப வராது.

பிரிண்டைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. படத்தை முழுதாக மட்டுமே பயன்படுத்துவோம் என்பது எப்போதும் நடப்பதில்லை. கல்யாண மண்டப மேடையில் மணமக்களோடு பத்துப் பேர் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓரமாக ஒரு தாத்தா நிற்கிறார். கேமரா முன்னால் நின்று தனியாகப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. சில வருடம் கழித்து அவர் காலமாகும்போது, அன்றிரவே அஞ்சலி போஸ்டருக்கும் மாலை போடும் படத்துக்கும் ஒரு போட்டோ வேண்டும். தேடித் தேடிக் கிடைப்பது அந்தக் குரூப் போட்டோதான். ஸ்டூடியோக்காரர் அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். இது எத்தனையோ வீடுகளில் நடப்பது.

அந்த முகத்தில் எத்தனை புள்ளி இருக்கும் என்று பார்ப்போம். பத்துப் பேர் நிற்கும் வரிசையும் இருபுறமும் கொஞ்சம் இடமும் சேர்த்துப் படத்தின் அகலம் 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ‘எல்’ அளவில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமுள்ள முகத்துக்கு 150 புள்ளி. 3 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணுக்கு 30 புள்ளி. இமையும் கருவிழியும் அதற்குள் பிரிந்து தெரியும். தோளோடு சேர்த்து அரை மீட்டர் வெட்டினால் 500 புள்ளி வரும். அதை 10 அங்குல அகல ஃப்ரேமில் போட்டால் அங்குலத்துக்கு 50. கூடத்தில் 2 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு 44 போதும் என்று மேலே பார்த்தோம். ஆக, அந்தப் படம் தாராளமாக ஒப்பேறும். அவர் முகம் அவர் முகமாகவே இருக்கும்.

அதே குரூப் போட்டோ 2400 புள்ளி ‘எஸ்’ஸில் எடுக்கப்பட்டிருந்தால் முகத்துக்கு 60 புள்ளி, ஒரு கண்ணுக்கு 12 புள்ளி. பன்னிரண்டு புள்ளியில் கண் வராது, ஒரு கறுப்புத் தீற்றல்தான் வரும். ஃப்ரேமில் அங்குலத்துக்கு 20 புள்ளி. இப்போது படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கித் தரும் ஏஐ செயலிகள் வந்துவிட்டன. அவை இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்புகின்றன. மரத்துக்கும் சுவருக்கும் அந்த ஊகம் பரவாயில்லை. முகத்தில் அது நிரப்பும் கண்ணும் மூக்கும் வேறு யாருடையதாகவோ இருக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். தாத்தாவின் முகத்துக்கு அது மாற்றாகாது. எடுக்கும்போதே பதியாத விவரத்தைப் பிறகு யாராலும் மீட்டுத்தர முடியாது.

இந்தச் சிக்கன அமைப்புகளெல்லாம் எதற்கு வந்தன? 2000களின் தொடக்கத்தில் சின்ன டிஜிட்டல் கேமராக்களோடு 16 எம்பி, 32 எம்பி கார்டுகளே கிடைத்தன. ‘எல்’லில் எடுத்தால் ஒரு பிறந்தநாள் விழாவுக்குக்கூடக் கார்டு பத்தாது. அதனால் பலர் 640×480 அளவில் வைத்து எடுத்தார்கள். அன்றைய கணினித் திரைக்கு அது போதுமானதாகவும் இருந்தது. இன்று அந்தப் படங்களை 300 கணக்கில் பிரிண்ட் போட்டால் 2 அங்குலம்தான் வரும். அந்த வருடங்களில் வளர்ந்த பிள்ளைகளின் குழந்தைப் பருவம் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முந்தைய ஃபிலிம் கேமராவில் எடுத்த படங்களை, நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் இன்றும் பெரிதாக்கிக்கொள்ளலாம். அன்று கார்டு விலை உயர்ந்த பொருள், வேறு வழியில்லை. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு 64 ஜிபி கார்டில் 24 மெகாபிக்சல் கேமராவின் ‘எல்’ ஃபைன் படங்கள் ஏறத்தாழ 5000 பிடிக்கும்.

இனி தரம். கணக்குப் பார்த்தால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வீதம் 72 எம்பி ஆக வேண்டும். கார்டில் ஃபைன் படம் ஏறத்தாழ 12 எம்பிதான் இருக்கிறது. நார்மல் 6, பேசிக் 3. மிச்சமெல்லாம் எங்கே போனது? இப்படிச் சுருக்குவது 1992இல் உருவான ஜேபெக் என்ற முறை. அதன் இதயத்தில் இருக்கும் கணிதத்தைப் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு இந்த யோசனைக்கு அவர் ஆராய்ச்சி நிதி கேட்டபோது கிடைக்கவில்லை. இன்று உலகில் எடுக்கப்படும் படங்களில் மிகப் பெரும்பகுதி அந்தக் கணிதத்தின் வழியாகத்தான் சேமிக்கப்படுகிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் மெதுவாக மாறுவது எவ்வளவு, சட்டென்று மாறுவது எவ்வளவு என்று 64 எண்களாக எழுதுகிறது. நம் கண்ணுக்கு மெதுவான மாற்றங்கள் நன்றாகத் தெரியும். புள்ளிக்குப் புள்ளி மாறும் மெல்லிய வேறுபாடுகள் அவ்வளவாகத் தெரியாது. அதனால் அந்த நுண்ணிய மாற்றங்களுக்கான எண்களைத் தோராயமாக்குகிறது. பல எண்கள் பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்களை வரிசையாகச் சேர்த்துச் சுருக்கமாக எழுதிவிடலாம். மெனுவில் ஃபைன், நார்மல், பேசிக் என்று நாம் தேர்ந்தெடுப்பது இந்தத் தோராயம் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கலாம் என்பதைத்தான். கேனானில் வழவழப்பான கால்வட்டம் ஃபைனைக் குறிக்கும், படிக்கட்டு போல வெட்டுப்பட்ட கால்வட்டம் நார்மலை.

இதனால்தான் ஒரே அமைப்பில் எடுத்தாலும் இரண்டு படங்களின் ஃபைல் அளவு ஒன்றாக இருப்பதில்லை. வெறும் வானமும் கடலும் உள்ள படம் சுருங்கிவிடும். காற்றில் ஆடும் நெல்வயல், இலை அடர்ந்த புளியமரம் போன்ற படங்களில் எங்கு பார்த்தாலும் சட்டென்ற மாற்றங்கள் என்பதால் ஃபைல் பெருக்கும். இரவில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படமும் அப்படித்தான். குருணை குருணையாகத் தெரியும் நாய்ஸையும் விவரம் என்று எண்ணிக் கேமரா உண்மையாக எழுதிவைக்கிறது.

தரம் குறைந்தால் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு கோயில் கோபுரம் போதும். பட்டப்பகலில், பின்னால் நீல வானம் இருக்கும்படி, ‘எல்’ ஃபைனில் ஒன்று, ‘எல்’ பேசிக்கில் ஒன்று எடுங்கள். இரண்டையும் கணினியில் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்ற அளவுக்குப் பெரிதாக்கி, கோபுரத்துச் சுதைச் சிற்பத்தின் தலையும் வானமும் சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள். ஃபைன் படத்தில் விளிம்பு சுத்தமாக இருக்கும். பேசிக் படத்தில் விளிம்பை ஒட்டிய வானத்தில் மங்கலான தூசுபோல் ஏதோ மொய்த்திருக்கும். சிற்பத்திலிருந்து ஒரு கட்டத்துக்குள் மட்டும் அது இருக்கும், அதைத் தாண்டினால் வானம் மறுபடி தெளிவாகிவிடும். அந்தத் தூசின் எல்லைதான் 8×8 கட்டத்தின் எல்லை. சாயங்கால வானமாக இருந்தால் இன்னொன்றும் நடக்கலாம். ஆரஞ்சு மெல்ல ஊதாவாக மாறும் இடத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய நிறம் பட்டை பட்டையாக நிற்கும்.

இதே சோதனையை ஃபைனுக்கும் நார்மலுக்கும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். பிரிண்டில் அநேகமாக முடியாது. இதை வைத்துத்தான், இடம் போதாவிட்டால் தரத்தில் ஒரு படி இறங்குங்கள் என்று சொன்னேன். 24 மெகாபிக்சல் நிக்கானில் ‘எம்’ ஃபைன் ஏறத்தாழ 7 எம்பி, ‘எல்’ நார்மல் ஏறத்தாழ 6 எம்பி. ‘எம்’ ஃபைனில் ஒரு கோடிக்கும் மேலான புள்ளிகள் எடுக்கும்போதே போய்விடுகின்றன. ‘எல்’ நார்மலில் எல்லாப் புள்ளிகளும் இருக்கின்றன, கண் கவனிக்காத நுணுக்கம் மட்டும் கொஞ்சம் மழுங்குகிறது. ஃபைலும் அதில்தான் சிறியது. ‘அளவு சிறிதானாலும் தரம் உயர்வாக இருக்கட்டும்’ என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு அதை ஆதரிக்கவில்லை. ஆனால் நார்மலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேசிக்குக்கு இறங்கினால் அந்தத் தூசு தெரிய ஆரம்பித்துவிடும்.

ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோராயம் புதிதாக ஒருமுறை நடக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போனில் ஒரு செயலியில் வெளிச்சம் கூட்டி, இன்னொன்றில் பெயர் எழுதி, மூன்றாவதில் ஓரம் வெட்டினால் மூன்று முறை மழுங்குகிறது. வெறுமனே திறந்து பார்ப்பதாலும், கார்டிலிருந்து கணினிக்கு நகலெடுப்பதாலும் ஒன்றும் குறையாது. கேமராவிலிருந்து வந்த மூலப்படத்தை ஒரு ஃபோல்டரில் அப்படியே விட்டுவிட்டு, திருத்தங்களை நகலில் செய்வதுதான் முறை.

தரப் பட்டியலின் உச்சியில் ‘ரா’ என்று ஒன்று இருக்கும். இது ஜேபெக்கின் உயர்ந்த படி என்று நினைத்துவிட வேண்டாம். சென்சார் அளந்த வெளிச்சத்தை அப்படியே எழுதிவைத்த ஃபைல் அது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம்வரை 256 படிகள்தான். ரா ஃபைலில் 12 பிட் என்றால் 4096 படிகள், 14 பிட் என்றால் 16,384. முகூர்த்த நேரத்தில் வீடியோ லைட் நேராக மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் விழுகிறது. ஜேபெக்கில் வேட்டியின் மடிப்புகள் வெள்ளைக்குள் வெள்ளையாகக் கரைந்துபோகக்கூடும். ராவில் எடுத்திருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, பல சமயம் அந்த மடிப்புகளை மீட்டுவிடலாம். ஒருபக்கம் மஞ்சள் விளக்கு, இன்னொரு பக்கம் நீலம் தட்டிய எல்இடி என்று கலந்து கிடக்கும் மண்டபங்களில் ஒயிட் பேலன்ஸ் தவறினாலும், ராவில் அதைப் பிறகு எந்தச் சேதமும் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் அந்தத் தவறு படத்தோடு ஒட்டிவிடும்.

விலையும் உண்டு. ஒரு படம் ஏறத்தாழ 25 எம்பி. அதே 64 ஜிபி கார்டில் 2500 படங்கள்தான். லேப்பில் ரா ஃபைலைக் கொடுத்து நேராகப் பிரிண்ட் கேட்க முடியாது. முதலில் கணினியில் திறந்து, திருத்தி, ஜேபெக்காக மாற்ற வேண்டும். அதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கேனான் தன் டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனலையும், நிக்கான் என்எக்ஸ் ஸ்டூடியோவையும் இலவசமாகவே தருகின்றன. உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய நேரமும் விருப்பமும் இருப்பவருக்கு ரா பெரிய வரம். செய்யப்போவதில்லை என்றால், ஹார்டு டிஸ்க்கில் திறக்கப்படாமல் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஃபைல்களால் யாருக்கும் பயனில்லை. ‘ரா பிளஸ் ஜேபெக்’ என்று இரண்டையும் ஒன்றாக எழுதும் வசதி ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் இருக்கிறது. திரும்ப எடுக்கவே முடியாத நாட்களுக்கு அதைப் பரிந்துரைப்பேன். ஜேபெக்கை உடனே உறவினர்களுக்குக் கொடுக்கலாம். ராவைத் தேவைப்படும் நாலைந்து படங்களுக்கு மட்டும் திறந்தால் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த கேமராக்களில் எடுத்த படங்களைக் கார்டுக்கு அனுப்பும்வரை தாங்கிவைத்திருக்கும் இடம், அதாவது பஃபர், மிகச் சிறியது. ராவில் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்தால் சீக்கிரமே நிறைந்து, திரையில் ‘பிஸி’ என்று வந்து கேமரா நின்றுவிடும். தாலியின் முதல் முடிச்சு விழும்போதே அது நடந்தால் மற்ற முடிச்சுகள் படத்தில் இருக்காது. உங்கள் கேமரா எத்தனை படத்தில் திணறுகிறது என்பதை வீட்டிலேயே ஒருமுறை அழுத்திப் பிடித்து எண்ணிப் பார்த்துவிடுங்கள். திணறினால், அந்த நேரத்துக்கு ‘எல்’ ஃபைனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இதே மெனுவின் பக்கத்தில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்று ஒன்று இருக்கும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களின் சென்சார் 3:2 வடிவம். டிவிக்கு ஏற்றது என்று 16:9 வைத்தால் கேமரா அகலமாக ஒன்றும் எடுப்பதில்லை. ஜேபெக்கில் மேலும் கீழுமாகச் சேர்த்து 600க்கும் அதிகமான வரிசைகளை வெட்டி எறிகிறது. 1:1 வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போகும். 3:2இலேயே விட்டுவிடுங்கள், வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரிண்ட் போடக் கொடுக்கும்போதும் இதை நினைவில் வைத்தால் நல்லது. 4×6, 8×12, 12×18 ஆகியவை 3:2 வடிவத்துக்கு அப்படியே பொருந்தும். 8×10 கேட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டித்தான் ஆக வேண்டும். குரூப் போட்டோவில் அந்த ஆறில் ஒரு பங்கில் நிற்பது ஓரத்து ஆட்கள். 

சரி, சிறிய படமே தேவைப்படும் இடங்களும் நிறைய இருக்கின்றனவே? வேலைக்கும் தேர்வுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கும்போது 50 கேபிக்குள் போட்டோ கேட்பார்கள். இன்ஸ்டாகிராமுக்கு 1080 புள்ளி அகலம் போதும். அதற்காகக் கேமராவை ‘எஸ்’ பேசிக்கில் வைக்க வேண்டியதில்லை. வைத்தாலும் 50 கேபிக்கு வராது. ‘எல்’லில் எடுத்து, தேவையான பகுதியை வெட்டி, நகலைக் கணினியிலோ போனிலோ சிறிதாக்குவதுதான் வழி. பெரிய படத்திலிருந்து சிறிதாக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சராசரியாகி நாய்ஸும் குறையும், படம் இன்னும் துப்புரவாக இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு நன்றாகச் சுருக்கிவிடும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் மூலப்படம் அப்படியே போவதில்லை. பிரிண்ட் போட ஒருவருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஒரு புள்ளியும் குறையாமல் போய்ச் சேரும். கல்யாண வீடுகளில் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது, உறவினர்கள் போனில் எடுத்த நல்ல படங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகச் சுருங்கியே வந்து சேர்கின்றன. எடுத்தவரிடமே கேட்டு மூலத்தை டாக்குமென்டாக வாங்கிக்கொள்வது நல்லது.

கணக்கு ஏட்டையோ கடை ரசீதையோ நகல்போல எடுத்து, படித்துவிட்டு அழிக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் ‘எம்’ போதும். ஆனால் வேலை முடிந்ததும் திரும்ப ‘எல்’லுக்கு மாற்ற மறந்துபோகும் ஆபத்து, மிச்சமாகும் இடத்தைவிடப் பெரியது. 

அமைப்பை மாற்றிய பிறகு சரிபார்க்க இரண்டு வழி இருக்கிறது. திரையின் மூலையில் இன்னும் எத்தனை படம் பிடிக்கும் என்ற எண் இருக்கும். காலியான 64 ஜிபி கார்டில் அது 20,000 போலக் காட்டினால், எங்கோ ‘எஸ்’ஸோ பேசிக்கோ வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, ஒரு படம் எடுத்து, பிளே பொத்தானை அழுத்தி, படத்தின் விவரங்களைக் காட்டும் பக்கத்துக்குப் போவது. கேனானில் ‘இன்ஃபோ’, சோனியில் ‘டிஸ்ப்’ பொத்தான். நிக்கானில் மேல் அம்பை அழுத்த வேண்டும். அங்கே 6000×4000 என்று புள்ளிக்கணக்கோ, ‘எல்’ என்ற எழுத்தோ இருக்கும். கேமராவை யாரிடமாவது இரவல் வாங்கினாலும், இரவல் கொடுத்துத் திரும்பப் பெற்றாலும், முதல் படத்தை எடுத்தவுடன் இதைப் பார்த்துவிடுங்கள்.